தொகு என்ற பொத்தான்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட துணி முழுக்கப் புழுதி. திரும்ப அலசல். ஆபீஸுக்குத் தாமதம், முதலாளி கவனிக்கவில்லை.

முந்திரிக்கொட்டை கண்டெய்னர் இரண்டு. கப்பல் வந்தாச்சு, பேப்பர் வரவில்லை. கொல்லத்து பார்ட்டி ஓயாமல் போன்.

சாப்பாட்டு நேரத்தில் உண்மையான வேலை. களஞ்சியத்தின் பொதுப் பேச்சுப் பக்கத்தில் என் முன்மொழிவைப் போட்டாச்சு. சம்பளமில்லாமல் ஆளாளுக்கு எழுதிச் சேர்க்கும் ஒரு தகவல் தளத்தில் இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், நிர்வாகி என்று பட்டம் வேறு. ஆனாலும் இப்படி ஒன்றை நான் கிளப்புவது இதுதான் முதல் தடவை. கேட்டது மூன்று:

1. போனில் பக்கத்தின் தலையில் இருக்கும் "தொகு" பொத்தான் "திருத்து" என்று மாற வேண்டும்.

2. அதைத் தொட்டதும் வரும் சிவப்புக் கட்டம் (பதினோரு வரி எச்சரிக்கை!) போக வேண்டும். ஒரு வரி போதும்.

3. புது ஆள் எழுதியது உடனே பக்கத்தில் தெரிய வேண்டும். நிர்வாகி யாராவது பார்க்கிறவரை கிடப்பில் கிடக்கக் கூடாது.

புது ஆட்கள் வருவதில்லை என்று வருடா வருடம் கூடிப் புலம்புகிறோம். வரத்தான் செய்கிறார்கள். நாம்தான் திருப்பி அனுப்புகிறோம்.

போன வாரம் மாப்பிள்ளையூரணியில் அண்ணன் வீட்டில் பார்த்ததுதான் இதற்கெல்லாம் காரணம். மைனிக்கு அவள் பிறந்த ஊர்ப் பக்கத்தைக் காட்டினேன். அம்மன் கோயில் கொடை மாதம் தவறாக இருந்தது. நீங்களே மாத்துங்க மைனி என்று போனைக் கொடுத்தேன். பொத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தொகுன்னா என்னளா? தொகையா? ரூவா கேக்குமோ?"

கடைசிவரை தொடவில்லை. எங்களுக்குள்ளேயே பேசிப் பேசித் தேய்ந்த சொல், வெளி ஆளுக்குப் பில்லாகத் தெரிகிறது.

இது நடக்கும். நடத்திவிடுவேன்.


ஜூலை 9, புதன்

பேப்பர் வந்தது. ஒரு கண்டெய்னர் வெளியே. மற்றது நாளை.

முன்மொழிவுக்கு ஆதரவு மளமளவென்று. சென்னை இன்ஜினியர் பையன் ஒருவன், பயனர் பெயர் "வேகத்தடை", நான்கு தடவை கைதட்டும் படம் போட்டிருக்கிறான். ஒரு புலவர் "தொகு" அருமையான வினைச்சொல் என்று இலக்கணம் எழுதியிருக்கிறார். அருமையானதுதான். யாருக்கும் புரியவில்லை என்பதைத் தவிர.

எதிர்பார்த்த எதிர்ப்பும் வந்துவிட்டது: "தாமிரம்". முகம் பார்த்ததில்லை. ஆறுமுகநேரிப் பக்கம் என்று மட்டும் தெரியும். எழுத்தைப் பார்த்தால் ஓய்வு பெற்ற வாத்தியார் மாதிரி. களஞ்சியத்தில் யாராவது கண்டதைக் கிறுக்கினால் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும், அது அவர் கைவேலை. சிவப்புக் கட்டமும் அவர் எழுதியதே. இன்று அவர் எழுதியதில் ஒரு வரி:

"திறந்து விடுவோம் என்று இங்கே ஆதரவு தெரிவித்திருக்கும் பயனர்களில் எவரும் கடந்த மாதம் ஒரு குப்பையைக்கூட அகற்றியதாக எனக்குத் தெரியவில்லை."

எனக்கும் சேர்த்துத்தான் குத்து. குத்தட்டும். பொத்தானைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தேன்.

எங்கள் தளத்தில் கை எண்ணி முடிவெடுப்பதில்லை. வாதங்களைப் படித்துவிட்டு, அதில் கலந்துகொள்ளாத நிர்வாகி ஒருவர் "இதுவே பொதுக்கருத்து" என்று முடித்துவைக்க வேண்டும். இந்த முறை மட்டக்களப்பு டீச்சர். நிதானமானவர். நல்லது.

கருத்தை வைத்து வாதாடினால் தாமிரம் விடமாட்டார். வெளி ஆளைப் போனோடு உட்காரவைத்து, நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும்.


ஜூலை 11, வெள்ளி

இன்று ஆபீஸில் ஸ்டெல்லா. பில்லிங் பார்க்கிற பெண். அவளுடைய அப்பா சங்கு குளிக்கப் போனவர். களஞ்சியத்தில் சங்கு பக்கத்தைக் காட்டினேன். "சங்கு சேகரிப்பு" என்று இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். நாங்க யாரு இப்பிடிச் சொல்லுதோம், சங்கு குளிக்கப் போறதுன்னுதான் சொல்லுவோம் என்றாள். அதையே சேர்த்துவிடு என்றேன். எனக்கு நானே போட்ட விதி: வாயைத் திறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, பார்க்க மட்டும்.

ரொம்பக் கஷ்டம். விரல் துடிக்கிறது.

பொத்தானைத் தேட நேரமானது. தொட்டாள். சிவப்புக் கட்டம். வாசிக்க ஆரம்பித்தவளின் முகம் மாறிவிட்டது. நாலாவது வரியில் "தடை செய்யப்படுவீர்", ஏழாவதில் "சட்ட நடவடிக்கை".

"அக்கா, நான் ஒண்ணும் செய்யலியே."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் கழித்து அவளே எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வரி எழுதிச் சேமித்தாள். "உங்கள் தொகுப்பு பரிசீலனையில் உள்ளது." எப்ப வரும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. வாரக்கணக்கில் கிடப்பவை இருக்கின்றன.

"ஸ்டேஷன்ல மனு குடுத்த மாதிரில்லா இருக்கு" என்றாள். திரும்பிப் போய் பில் அடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். பெயர் இல்லாமல், நடந்தது நடந்தபடி.


ஜூலை 12, சனி

அரை நாள் ஆபீஸ். துவரம்பருப்பு, சீயக்காய், இவர் கடைக்கு பில் புக்.

இன்னும் மூன்று பேரை உட்காரவைத்தாச்சு. இதுவரை:

மைனி: பணம் கேட்கும் என்று பயம்.

ஸ்டெல்லா: போலீஸ்.

இவர் (கட்டிய கணவர், பெயிண்ட் கடை நடத்துகிறவர், படித்தவர்): பொத்தானே கண்ணில் படவில்லை. பொத்தானில் இருக்கும் பென்சில் படத்தை அழகுக்குப் போட்டது என்று நினைத்தாராம். பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அமுக்குவதைப் பார்க்கிற மனிதர்.

இவர் கடைப் பையன் கணேசன்: சிவப்பு வந்ததும் வெளியே.

எதிர்த்த மளிகைக்கடை அண்ணாச்சி: ஒன்றையும் வாசிக்கவில்லை. விறுவிறுவென்று சேமித்தும் விட்டார். ஆனால் பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு.

கடைசி ஆளை எழுதாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசனை. விடக் கூடாது. எழுதினேன். அண்ணாச்சி அழித்தது கிடப்பில் மாட்டியதால்தான் பக்கம் பிழைத்தது. தாமிரத்துக்கு அது ஒரு புள்ளி. கொடுத்தாச்சு. மற்ற நாலும் எனக்கு.

மாலை ரோச் பூங்கா. காற்றில் ஐஸ்கிரீமில் மணல்.


ஜூலை 15, செவ்வாய்

சோதனைக் குறிப்பைப் படித்தபின் எல்லாரும் என் பக்கம். புலவர்கூட "திருத்து என்பதும் வினைச்சொல்லே" என்று இறங்கிவந்துவிட்டார்.

மத்தியானம் தாமிரம் இரண்டே வரி:

"முடிவு தெளிவாகத் தெரிகிறது. என் துப்புரவுப் பணியை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், அனைவருக்கும் நன்றி."

அதன் கீழே வேகத்தடை: "போறவங்க போகட்டும், களஞ்சியம் யாரையும் நம்பி இல்லை." எரிச்சலாக இருந்தது. என் ஆதரவாளன்தான். இருந்தாலும்.

தாமிரம் கோபத்தில் சொல்கிறார், இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

உளுந்து ஊறப்போட மறந்தேன். காலையில் உப்புமா.


ஜூலை 17, வியாழன்

வரவில்லை.

காலையில் பஸ்ஸில் போகும்போது சும்மா களஞ்சியத்தின் அண்மை மாற்றங்கள் பட்டியலைப் பார்த்தேன். பழைய உறுப்பினர் கணக்குகள் கிடப்புக்குப் போகாது, நேரே பக்கத்தில் ஏறும். எவனோ அப்படி ஒரு பழைய கணக்கில் உட்கார்ந்து வரிசையாகப் பத்து இருபது பக்கங்களில் அசிங்கம் எழுதியிருக்கிறான். அதில் ஒன்று இறந்துபோன ஒரு பாடகியின் பக்கம். எழுதியதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. தாமிரம் இருந்திருந்தால் அப்போதே போயிருக்கும். எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீளமைத்தேன். கணக்கை முடக்கினேன். இதற்குள் ஷிப்பிங் பில் ஒன்று தாமதம், முதலாளி எல்லார் முன்னாலும் சத்தம். சத்தம் நியாயம். கையெழுத்தைத் தேதிக் கட்டத்தில் போட்டேன். அவருடைய சத்தத்தால் அல்ல, அந்தப் பக்கத்தில் வாசித்ததால்.

இதைத்தான் அந்த மனிதர் தினமும் வாசித்துக்கொண்டிருந்தார்.

மாலை மட்டக்களப்பு டீச்சரிடமிருந்து செய்தி. முடித்து வைக்கட்டுமா என்று கேட்கிறார். "கருத்தெல்லாம் உங்கட பக்கம்தான் இருக்கு. நீங்க ஓம் எண்டால் இண்டைக்கே போடுறன்."

ஓம் என்று சொல்ல வேண்டியதுதான். ஞாயிறு வரை பொறுங்கள் என்று எழுதினேன்.

என் முன்மொழிவு சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு ஆள் குறைகிறது.

தாமிரத்துக்கு மின்னஞ்சல்: நேரில் வரலாமா? பதில் உடனே வந்தது. சாகுபுரம் குவார்ட்டர்ஸ், வீட்டு எண். "ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. வரவும்."

ஷிப்டா? அப்போது ஓய்வு பெற்றவர் இல்லையா?


ஜூலை 20, ஞாயிறு

திருச்செந்தூர் பஸ். நின்றுகொண்டே முக்காணி வரை. ஆத்தூரில் வெற்றிலைக் கூடையோடு இரண்டு பேர் ஏற, பஸ் முழுக்க வெற்றிலை வாசனை. ஜன்னல் சீட் கிடைத்தது.

சாகுபுரம். மரமும் நிழலுமாக இருக்கிறது குவார்ட்டர்ஸ் தெரு. கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும், இரண்டு மூன்று கூட இருக்கலாம். பரமசிவம். அவர்தான் தாமிரம், ஆலையில் ஷிப்ட் வேலை. மனைவி வடிவு, ஏரல் பக்கம் வயல்காட்டு ஊர். இத்தனை வருடம் ஒரே பக்கங்களில் எழுதியிருக்கிறோம், நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

அவருக்கும் ஆச்சரியம். உங்க எழுத்தப் பாத்து ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ்னு நெனச்சேன் என்றார்.

கோபம் இல்லை அவரிடம். சலிப்பு. வடிவு காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள், நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பல்லு வெளக்குததுக்கு முன்னாடி இந்தப் போனைத்தான் எடுக்காரு என்று.

பேச்சை நானே ஆரம்பித்தேன். அந்தச் சிவப்புக் கட்டம் எப்படி வந்தது என்று கேட்டேன். சொன்னார். சில வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு டாக்டரம்மா பக்கத்தில் யாரோ கேவலமாக எழுதிவிட, மூன்று நாள் ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் மகள் பார்த்துவிட்டாள். களஞ்சியத்துக்கு எழுதினாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத யாரும் முன்வரவில்லை, இவர்தான் எழுதினார். எழுதி முடித்த அன்றே உட்கார்ந்து பதினோரு வரியும் எழுதினாராம்.

வியாழக்கிழமை நான் வாசித்ததைச் சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் நான் போனது தலையாட்ட அல்ல. கேட்டுவிட்டேன்:

"அண்ணாச்சி, அந்த அசிங்கத்த எழுதுனவன் இந்தப் பதினோரு வரிய வாசிச்சிருப்பானா? வாசிச்சது எங்க ஆபீஸ் ஸ்டெல்லா. அவதான் பயந்து போனைக் கீழ வச்சா."

காபி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"சரி, கட்டத்த எடுங்க. கெடப்பையும் எடுங்க. வந்து விழுததெல்லாம் யாரு அள்ளுவா? ஒருத்தராவது எங்கிட்ட கேட்டியளா, பரமசிவம் உன்னால ஏலுமான்னு?"

கேட்கவில்லை. மூன்று அம்சம் எழுதினேன், நாலாவதாக அதை எழுதியிருக்க வேண்டும். அப்படியே சொன்னேன். எதிர்ப்பு முழுக்க அங்கேதான் இருந்தது, பொத்தானில் இல்லை.

பிறகு வடிவைக் கூப்பிட்டோம். அவள் ஊர்ப் பக்கத்தில் வாய்க்கால் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். பரமசிவம் அண்ணாச்சிக்கும் அதே விதி: வாய் திறக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சிவப்புக் கட்டம் வந்தது. வடிவு ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தாள். ஆறாவது வரியில் நிறுத்தினாள்.

"இத யாரு எழுதுனது? வந்த ஆள் மேல நாய அவுத்து விட்ட மாதிரி இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். விதி விதிதான். வடிவு மீதி வரிகளையும் வாசித்து, வாய்க்காலாவது மண்ணாவது என்று போனை அவரிடமே நீட்டினாள்.

"நாந்தான் எழுதுனேன்" என்றார்.

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பிடியா? எழுத்து நல்லாத்தான் இருக்கு."

மூன்று பேரும் சிரித்து அடங்க நேரமானது.

சாப்பாடு: சோறு, கருவாட்டுக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல். சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தோம்:

கட்டம் போகும். ஒரு வரி: "நீங்கள் எழுதுவதை எல்லாரும் உடனே பார்ப்பார்கள்." (அவர் சொன்ன வரி. என்னுடையதைவிட நல்லது.)

பொத்தான்: திருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மனிதர்களைப் பற்றிய பக்கங்களுக்குக் கிடப்பு தொடரும், இருக்கிறவர்களானாலும் இறந்தவர்களானாலும். மற்றதெல்லாம் உடனே தெரியும்.

ஒரு பக்கம் முழுசாக அழிந்தால் "நிச்சயமா?" என்று கேட்கும். (மளிகை அண்ணாச்சிக்காக.)

துப்புரவுக்குக் கிழமைக்கு ஒரு ஆள். அவருக்கு வியாழன் மட்டும். எனக்குத் திங்கள்.

ஒரு மாதச் சோதனை. பிறகு திரும்பப் பேச்சு.

பஸ் ஏற்றிவிட வந்தார். இனி வெள்ளி காலையில் போனை எடுக்காமல் தூங்குவேன் என்றார்.


ஜூலை 21, திங்கள்

இரண்டு பேர் பெயரையும் போட்டு புது முன்மொழிவு. மேலே ஒரு குறிப்பு: ஆதரவு தருகிறவர்கள் கிழமையையும் சேர்த்துத் தரவும்.

முதல் தடவை மளமளவென்று வந்த கைகளில் பாதி சத்தமே இல்லை. புலவர் காணோம். மதியம் வரை செவ்வாயும் சனியும் காலி. எனக்குக் கவலை இல்லை, கொஞ்சம் ஆத்திரம் மட்டும். வேகத்தடைக்குத் தனியே எழுதினேன்: களஞ்சியம் யாரையும் நம்பி இல்லை என்றீர்கள், சனிக்கிழமை மட்டும் உங்களை நம்பி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பெயரைப் போட்டான். தாமிரத்திடம் பொதுவிலேயே மன்னிப்பும் கேட்டான். அது நான் சொல்லாமலே செய்தது. செவ்வாயைக் கோலாலம்பூர் அக்கா ஒருவர் எடுத்துக்கொண்டார்.

ஏழு கிழமையும் நிரம்பியதும் டீச்சர் முடித்து வைத்தார். "பொதுக்கருத்து உண்டு."

வீட்டில் இவரிடம் சொன்னேன். "அந்தப் பென்சில கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு" என்றார். போட்டாச்சு.


ஆகஸ்ட் 4, திங்கள்

மாதா கோயில் திருவிழா. பீச் ரோடு பக்கம் போகவே முடியவில்லை, பஸ் சுற்றிப் போகிறது. சுற்றுவதும் நல்லதுதான், உட்கார்ந்து களஞ்சியத்தைப் பெருக்கலாம்.

இன்று என் கிழமையில் அள்ளியவை: "ஹாய்" (பல). ஒருவன் தன்னைத் தூத்துக்குடியின் மாபெரும் தொழிலதிபர் என்று எழுதியது. உப்பளம் பக்கத்தில் ஒரு காதல் கடிதம், பிழையில்லாத தமிழ். கெட்ட வார்த்தை இரண்டு. ஒரு கிரிக்கெட் ஸ்கோர்.

விட்டுவைத்தவை: ஒரு பஸ் தடம் மாறியது. கொடை மாதம் (மைனி!! தானாகவே!). வாய்க்கால் பெயர். ஒரு மீனுக்கு ராமேஸ்வரத்துப் பெயர். சங்கு குளித்தல், இந்த முறை உடனே தெரிந்தது. ஸ்டெல்லா அதைப் படம் எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள், அவர் எழுத்துப் பிழை ஒன்று சொன்னாராம், அதையும் திருத்தினாள்.

குப்பை கூடியிருக்கிறது. கையும் கூடியிருக்கிறது. போதும்.

கொல்லத்து பார்ட்டிக்குப் புது கண்டெய்னர் மூன்று.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்று விட்டுவிட்டது. வெக்கை. இவர் சாளை மீன் வாங்கி வந்தார், இன்னும் ஆயவில்லை.

சோதனை மாதம் முடிந்து இன்று பேச்சு. நீண்ட சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தேன், தேவையே இல்லை. ஏழு கிழமைக்காரர்களும் தொடரலாம் என்றார்கள். தாமிரம் ஒரே சொல்: "தொடர்க." டீச்சர் முடித்து வைக்கப் போகிற நேரத்தில் புதிதாக ஒரு பத்தி. பயனர் பெயர்கூட இல்லாத ஆள், வெறும் எண் வரிசை. பேச்சுப் பக்கத்துக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. வந்ததும் என் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்:

"திருத்து என்றால் தப்பு இருந்தால் மட்டும் தொடவும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி இருந்ததில் தப்பில்லை, ஆனால் பாதிதான் இருந்தது. சேர்ப்பதற்கு வேறு பொத்தான் இருக்கும் என்று ஒரு வாரம் தேடினேன். எழுது என்று வைத்தால் என்ன?"

முதலில் சுருக்கென்றது. நான் நின்று வாங்கிய சொல். ஆறு பேரை உட்காரவைத்துப் பார்த்தேன், சோதனைகள் நடந்தன என்று நீளமாக ஒரு பதில் அடிக்கத் தொடங்கினேன். அதற்குள் தாமிரம் எனக்காகப் பரிந்து, இந்தச் சொல் ஏற்கெனவே பேசி முடிவானது என்று போட்டுவிட்டார்.

யோசித்தேன். பேசி முடிவானபோது இந்த ஆள் உள்ளே இல்லை. நான் பார்த்த ஆறு பேரும் இன்னதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லி, என் கையால் காட்டி உட்காரவைத்தவர்கள். சேர்க்க வருகிறவர் தனியாக வந்தால் என்ன செய்வார் என்று நான் பார்க்கவே இல்லை.

அடித்ததை அழித்தேன். அவர் எழுதியதற்கு நேர் கீழே புது முன்மொழிவு: திருத்து என்பதை எழுது என்று மாற்றுவது. ஆதரவில் முதலாவதாக என் பெயர், கிழமையோடு.

சிறிது நேரத்தில் அந்த எண் வரிசை கேட்டது: இனி நான் என்ன செய்ய வேண்டும்? ஆதரவில் உங்கள் பெயரையும் ஒரு கிழமையையும் போடுங்கள் என்று எழுதினேன்.

போட்டுவிட்டார். அந்தோணியம்மாள், வேம்பார். புதன்கிழமை.